எட்டும் தூரத்தில் கடல்

1956 ஜூலை 25. இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, கடல்மேல் மூடுபனி படிந்து கிடந்தது. அன்று பகலில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிய ஸ்டாக்ஹோம் என்ற சுவீடன் நாட்டுக் கப்பல், எதிரே நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்த ஆந்திரேயா டோரியா என்ற இத்தாலியக் கப்பலின் விலாவில் பாய்ந்தது. வடகடலின் பனிக்கட்டிகளைச் சமாளிக்க வலுவாக்கப்பட்டிருந்த ஸ்டாக்ஹோமின் முன்முனையான அணியம் நொறுங்கிச் சுருண்டது. ஆந்திரேயா டோரியா இரவெல்லாம் சாய்ந்தபடி மிதந்து, மறுநாள் காலை மூழ்கியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள். இத்தாலியக் கப்பலில் தன் அறையில் உறங்கிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை, பாய்ந்த அணியம் அப்படியே வாரி எடுத்துக்கொண்டது. ஸ்டாக்ஹோமின் முன்தளத்துச் சிதைவுகளுக்கு நடுவே அவள் உயிரோடு கண்டெடுக்கப்பட்டாள்.

டோரியாவின் பயணிகளும் மாலுமிகளுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, நொறுங்கிய முகத்தோடு தன் எஞ்சின் பலத்திலேயே ஸ்டாக்ஹோம் நியூயார்க் திரும்பியது. புது அணியம் பொருத்தி மறுபடி ஓட விட்டார்கள். 1948-ல் முதல் பயணம் போன அந்தக் கப்பலுக்கு அப்போது எட்டு வயது. அதன் கதை அங்கே முடிந்திருந்தால் விபத்து வரலாற்றில் ஓர் அத்தியாயமாக மட்டும் இருந்திருக்கும். முடியவில்லை. 1960-ல் கிழக்கு ஜெர்மனி அதை வாங்கியது. 'மக்கள் நட்பு' என்று பொருள்படும் ஃபோல்கர்ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட் என்ற பெயர் சூட்டி, தொழிற்சங்கங்களின் வழியாகத் தொழிலாளர்களுக்கு விடுமுறைப் பயணம் தரும் கப்பலாக்கியது. சொந்த நாட்டு எல்லையைத் தாண்ட முடியாத மக்களுக்குக் கருங்கடலையும் கியூபாவையும் காட்டிய கப்பல் அது. அந்தப் பயணங்களில் சிலர் மேற்குக் கரை தெரியும் இடம் பார்த்துக் கடலில் குதித்துத் தப்பியும் இருக்கிறார்கள். 1962 அக்டோபரில், கியூபா ஏவுகணை நெருக்கடியின் நடுவில், அமெரிக்கக் கடற்படை போட்ட முற்றுகைக் கோட்டைக் கடந்து அவானா போனதும் இதே கப்பல்தான்.

எண்பதுகளின் நடுவில் ஆஸ்லோவில் கட்டிப்போட்டு, அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குத் தங்குமிடமாக்கினார்கள். பிறகு இத்தாலிக்குப் போனது. ஜெனோவாவில் மேற்கட்டுமானம் முழுவதையும் பெயர்த்துவிட்டு, பழைய உடலின்மேல் புதுக் கப்பலையே எழுப்பினார்கள். இத்தாலியா பிரிமா, கரீபே, அத்தீனா, அசோரஸ், அஸ்டோரியா என்று பெயர்கள் மாறின. 2008 டிசம்பரில் ஏடன் வளைகுடாவில் கொள்ளையர் படகுகள் சூழ்ந்தபோது, அத்தீனாவின் மாலுமிகள் நீர்ப்பீரங்கியால் பீய்ச்சியடித்து அவர்களை விரட்டினார்கள். 2020-ல் கொரோனா வந்து பயணங்கள் நின்ற பிறகு அது மறுபடி பயணிகளை ஏற்றவே இல்லை. ராட்டர்டாமில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்து, 2025-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு உடைக்கப்படுவதற்காக இழுத்துச் செல்லப்பட்டது. முதல் பயணத்திலிருந்து எண்ணினால் 77 ஆண்டுகள்.

அஸ்டோரியா என்ற பெயரில் அதில் கடைசியாகப் பயணம் செய்தவர்களில் பலர் இந்தக் கதை தெரிந்தே ஏறியவர்கள். கப்பல் உலகில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. புதுக் கப்பல்களின் சறுக்கு மரமும் பனிச்சறுக்குத் திடலும் அவர்களை இழுப்பதில்லை. எந்தத் துறையில் கட்டிய கப்பல், எஞ்சின் யார் செய்தது, பழைய பெயர் என்ன என்று விசாரித்துத்தான் சீட்டு வாங்குவார்கள். இவர்களைப் பழம்பொருள் பித்தர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் தேடுவது பழமையை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. கடலில் போகிறோம் என்ற உணர்வு அந்தக் கப்பல்களில் மிச்சமிருந்தது. அதற்குக் காரணங்கள் உண்டு. அளந்து சொல்லக்கூடிய காரணங்கள்.

மார்க்கோ போலோ என்ற கப்பலை எடுத்துக்கொள்ளலாம். 1965-ல் கிழக்கு ஜெர்மனியின் விஸ்மார் நகரில், சோவியத் ஒன்றியத்துக்காகக் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் அலெக்ஸாந்தர் புஷ்கின். ஒரே அச்சில் கட்டிய ஐந்து கப்பல்களில் அது இரண்டாவது. ஐந்துக்கும் இலக்கியவாதிகளின் பெயர்கள்: இவான் ஃபிராங்கோ, புஷ்கின், தராஸ் ஷெவ்சென்கோ, ஷோத்தா ருஸ்தவேலி, மிகயீல் லெர்மன்தவ். ஒரு நாடு தன் மிகப் பெரிய பயணிக் கப்பல்களுக்குக் கவிஞர்களின் பெயரை வரிசையாகச் சூட்டியது என்பதே நின்று யோசிக்க வைக்கிறது. லெர்மன்தவ் 1986 பிப்ரவரியில் நியூசிலாந்துக் கரையோரப் பாறையில் மோதி மூழ்கிவிட்டது. புஷ்கின் 1966 முதல் லெனின்கிராடுக்கும் மான்ட்ரியாலுக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கியது. அது உல்லாசத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. வட அட்லாண்டிக்கைக் குறித்த நாளில் கடந்தாக வேண்டிய கப்பல். அந்தக் கடலின் குளிர்கால அலையை மனத்தில் வைத்தே அதன் உடலை வளைத்தார்கள். பனிக்கட்டி உரசினாலும் தாங்கும்படி தகடுகளைக் கனமாக்கினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த ஆண்டில் அது மேற்கத்திய முதலாளி ஒருவரின் கைக்கு வந்தது. கிரேக்கத்தில் ஈராண்டு மராமத்துக்குப் பின் 1993-ல் மார்க்கோ போலோவாக வெளியே வந்தது. வலுவூட்டிய உடல் அதை அண்டார்டிகா வரை கொண்டுபோனது.

இப்போது சில எண்கள். மார்க்கோ போலோவின் நீளம் 176 மீட்டர். அளவு 22,080 டன். கப்பல் கணக்கில் இந்த டன் எடையைக் குறிப்பதல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் கொள்ளளவு. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் அளவு 2,48,663 டன். ஏறக்குறைய பதினொரு மடங்கு. அதில் இருபது தளங்கள். நெருக்கினால் 7,600 பயணிகள். மார்க்கோ போலோவில் 800 பேர். ஆனால் தண்ணீருக்குக் கீழே வந்தால் கணக்கு வேறு. மார்க்கோ போலோ சுமார் எட்டு மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதந்தது. ஐகான் அமிழ்வது ஏறக்குறைய ஒன்பது மீட்டர். மேலே பதினொரு மடங்கு வளர்ந்த உடல், கீழே ஒரு மீட்டர்தான் கூடுதலாக இறங்கியிருக்கிறது. துறைமுகங்களின் ஆழம் அதற்குமேல் இடம் தராது என்பது முக்கியக் காரணம். அகலத்தையும் கணக்கீட்டையும் கொண்டு பெரிய கப்பலைப் பத்திரமாக நிறுத்திவிடுகிறார்கள். அதன் பாதுகாப்பில் குறையில்லை. பயணிக்கு நேர்வது வேறொன்று. அவர் கடலிலிருந்து மேலே மேலே தூக்கப்பட்டுவிடுகிறார். பதினைந்தாம் தளத்து நீச்சல் குளத்தில் கிடக்கிறவருக்குக் கடல் கீழே எங்கோ தெரியும் நீலத் தரை. அலையின் நெற்றி உடைந்து நுரை சிதறுவதை, அதன் உப்புத் துளி முகத்தில் விழுவதை, அந்த உயரத்தில் அவர் அறிய வாய்ப்பே இல்லை. ஐகானின் அறைகளில் சில கடலையே பார்ப்பதில்லை. கப்பலின் நடுவே மண் நிரப்பி வளர்க்கும் பூங்காவை நோக்கி அவற்றின் சன்னல்கள் திறக்கின்றன. பூங்கா அழகானதுதான். ஆனால் சன்னல் வழியே செடியைப் பார்க்க ஒருவர் கடலுக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

பழைய கப்பலில் நடந்தவர்களுக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அதன் தளங்கள் சமதரையாக இருப்பதில்லை. அணியத்தை நோக்கியும் பின்முனையான அமரத்தை நோக்கியும் மெல்ல மேலேறும். நீண்ட நடையின் ஒரு முனையில் நின்று மறு முனையைப் பார்த்தால் கம்பளம் லேசாக ஏறி, தூரத்து அறைகளின் கதவுகள் கண்மட்டத்துக்குச் சற்று மேலே தெரியும். இடமும் வலமுமாகப் பார்த்தால் நடுவில் சற்றுப் பருத்து ஓரங்களில் சரிந்திருக்கும். இது அழகுக்குச் செய்த வேலையல்ல. முன்முனையை உயர்த்தினால் எதிர்வரும் அலைக்குள் கப்பல் எளிதில் மூக்கை நுழைக்காது. தளத்தில் விழுந்த தண்ணீர் தானாக ஓரத்துக்கு ஓடிவிடும். நம் தோணிகளில் அணியம் நிமிர்ந்திருப்பதும் இதே கடலறிவால்தான். இன்று கப்பலைத் துண்டு துண்டாக உள்ளிடத்தில் செய்து அடுக்கிப் பற்றவைக்கிறார்கள். தட்டையான தளத்தைச் செய்வது மலிவு, வேகமும் கூட. எனவே அந்த வளைவு போய்விட்டது. அதோடு, நடக்கும்போதே இது வீடல்ல, விடுதியல்ல, கப்பல் என்று பாதம் சொல்லிக்கொண்டிருந்த செய்தியும் போய்விட்டது.

பழைய கப்பல்களின் பின்பகுதிக்கென்று தனிச் சிறப்பு இருந்தது. மார்க்கோ போலோவின் அமரத்துத் தளங்கள் படிப்படியாகக் கீழிறங்கின; ஒவ்வொன்றும் அரைவட்டமாக, மேலுள்ளதைவிடச் சற்று நீண்டு. அங்கே நிற்பவர் கப்பல் கடந்துவந்த தடம் வெண்கோடாக நீள்வதைத் தடையின்றிப் பார்க்கலாம். அந்தக் கப்பலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஏதோ ஓரிடத்தில் இந்தப் பின்தளங்களுக்கு வந்து சேர்கிறார்கள். புதுக் கப்பல்களின் பின்பக்கம் பெரும்பாலும் உப்பரிகை அறைகளின் செங்குத்துச் சுவர். அந்த அறைகளுக்கு நல்ல விலை கிடைக்கிறது. முன்பு 800 பேருக்கும் பொதுவாக இருந்த காட்சி இப்போது அறை வாடகைக்குள் அடங்கிவிட்டது.

இந்தப் 'பொது' என்பதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உப்பரிகை இல்லாத கப்பலில் வெளிக்காற்று வேண்டுமானால் எழுந்து தளத்துக்குப் போயாக வேண்டும். போனால் இன்னொருவர் அங்கே நிற்பார். முதல் நாள் தலையசைப்பு, இரண்டாம் நாள் வானிலை, மூன்றாம் நாள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சு. மார்க்கோ போலோ கடைசிப் பத்தாண்டு, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டில்பரித் துறையிலிருந்து பெரும்பாலும் பிரிட்டிஷ் முதியவர்களை ஏற்றிச் சென்றது. 1948-ல் விண்ட்ரஷ் கப்பல் கரீபியத் தீவுகளின் மக்களைக் கொண்டுவந்து இறக்கிய அதே டில்பரி. துணையை இழந்து தனியாக வருகிறவர்கள் அதில் நிறைய. விமானம் ஏற வேண்டியதில்லை. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். போன முறை பரிமாறிய அதே பணியாளர் இந்த முறையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்படி ஆண்டுதோறும் அதே கப்பலுக்குத் திரும்பியவர்கள் இருந்தார்கள். ஏழாயிரம் பேரிடையே இது நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் பார்த்தவரை மாலையில் மறுபடி பார்ப்போம் என்ற நிச்சயம் அங்கே இல்லை. நட்புக்கு அந்த நிச்சயம் வேண்டும்.

சிறிய உடலுக்குத் திறக்கும் வழிகள் வேறு. கிரேக்கத்தின் கொரிந்து கால்வாய் 1893-ல் திறக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். இருபுறமும் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். நீர்மட்டத்தில் அகலம் 25 மீட்டருக்கும் குறைவு. 2019 அக்டோபரில் பிரீமர் என்ற கப்பல் இழுவைப் படகின் துணையோடு அதற்குள் நுழைந்தது. பிரீமரின் அகலம் 22.5 மீட்டர். இரு பக்கமும் மிஞ்சியது ஏறக்குறைய ஒரு மீட்டர். 196 மீட்டர் நீளத்தோடு, அந்தக் கால்வாயைக் கடந்த மிக நீண்ட கப்பல் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. தளத்தில் நின்றவர்கள் பாறையின் அடுக்குகளையும் விரிசல்களில் முளைத்த புதர்களையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துக்கொண்டே போனார்கள். வெனிஸ் நகரம் 2021 ஆகஸ்டிலிருந்து ஜுடெக்கா கால்வாய்க்குள் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களைத் தடுத்துவிட்டது. அண்டார்டிகாவில் 500-க்கு மேல் பயணிகளோடு வரும் கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது; அனுமதி உள்ளவையும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பேரைத்தான் இறக்கலாம். இடங்கள் தங்களைக் காத்துக்கொள்ள விதி வகுக்கும்போதெல்லாம் சின்னக் கப்பல்தான் விதிக்குள் அடங்குகிறது.

நார்வேயின் கரையோரக் கப்பல்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. 1893-ல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய ஹூர்டிகுருட்டன் தடம், தெற்கே பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையருகே உள்ள கிர்கனஸ் வரை போகிறது. வழியில் 34 துறைகள். தபாலும் மீனும் மருந்தும் ஆட்களும் ஏறி இறங்க உருவான தடம் அது. சுற்றுலா பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1964-ல் கட்டிய லோஃபோட்டன் என்ற கப்பல் இந்தத் தடத்தில் 2020-ன் இறுதிவரை ஓடியது. 87 மீட்டர் நீளம், 2,621 டன், சுமார் 150 பேருக்குப் படுக்கை. சரக்கைத் தன் முன்தளத்துப் பளுதூக்கியாலேயே ஏற்றி இறக்கும் பழைய முறையைக் கடைசிவரை விடவில்லை. நள்ளிரவில் ஏதோ ஒரு சிற்றூரின் துறையில் கயிறு வீசும் சத்தம் கேட்டு எழுந்து சன்னலில் பார்த்தால், ஒரு சாக்கு, இரண்டு பெட்டி, பள்ளிப்பையோடு ஒரு பையன் ஏறுவது தெரியும். அடுத்த துறையில் அந்தப் பையன் இறங்கிவிடுவான். பக்கத்து ஊருக்குப் போகிறவரும் உலகம் சுற்றவந்தவரும் ஒரே மரநாற்காலியில் உட்காரும் கப்பல் அது. ஆட்டத்தைத் தணிக்கும் பக்கத் துடுப்புகள் அதில் கிடையாது. திறந்த கடல் வரும் இடங்களில் கோப்பைகள் நகரும், பயணிகளும் நகர்வார்கள். நார்வே அரசின் பண்பாட்டு மரபுத் துறை 2001-ல் அதைப் பாதுகாக்கத் தக்க கப்பல் என்று அறிவித்தது. ஓட்டத்தை நிறுத்திய பிறகும் உடைக்காமல் மாலுமிப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நாட்டு மக்கள் இந்தத் தடத்தின்மேல் வைத்திருக்கும் பிரியத்துக்கு ஒரு சான்று. 2011 ஜூனில் நார்வே அரசுத் தொலைக்காட்சி, பெர்கனிலிருந்து கிர்கனஸ் வரையிலான ஒரு கப்பலின் பயணத்தை 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையில் காட்டியது. கதை இல்லை, நடிகர் இல்லை. கரை நகர்வதும் மேகம் மாறுவதும்தான் நிகழ்ச்சி. ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டில் முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். கப்பல் வரும் நேரம் பார்த்துச் சிற்றூர்களின் துறைகளில் கொடியோடு கூடி நின்று கையசைத்தார்கள். மெதுவாகப் போகும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க மனிதர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கப்பலின் குறைகளை மறைத்துவிட்டு அதன் அழகைப் பேசுவது நேர்மையாகாது. அறைகள் சிறியவை. குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். குழாய்கள் இரவில் முணுமுணுக்கும். எஞ்சினுக்கு மேலே அறை கிடைத்தவருக்கு அதிர்வு பழக இரண்டு நாள் பிடிக்கும். 2014 பிப்ரவரியில் ஆங்கிலக் கால்வாயில் புயலலை ஒன்று மார்க்கோ போலோவின் உணவுக்கூடச் சன்னலை உடைத்துக்கொண்டு புகுந்ததில் முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கடல் அருகே இருப்பதன் இன்னொரு முகம் அது. பழைய எஞ்சின்கள் எரிக்கும் எண்ணெயும் கக்கும் புகையும், ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், பெருமைப்படும்படி இல்லை. நார்வே தன் பாரம்பரியக் கடற்கழிகளில் புகையில்லாத கப்பல்களை மட்டுமே விடும் விதியைப் படிப்படியாகக் கொண்டுவருவது சரியான காரியம்தான்.

தீப் பாதுகாப்பு விதிகளும் அப்படித்தான். எரியக்கூடிய பொருள்களை அமைப்பிலிருந்து நீக்கியாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2010 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மரப்பலகை வேய்ந்த சுவர்களும் மரப்படிகளும் கொண்ட அறுபதுகளின் கப்பல்கள் பல அதற்கு முன்பும் பின்புமாக மறைந்தன. 1989 டிசம்பரில் மால்டா துறைமுகத்தில் புஷ்ஷும் கோர்பச்சேவும் சந்தித்துப் பேசிய மாக்ஸிம் கார்க்கி கப்பல் 2009-ல் போனது. 1965-ல் கட்டப்பட்டுப் பலரால் கொண்டாடப்பட்ட சாகஃபியோர்ட், சாகா ரோஸ் என்ற பெயரில் ஓடி ஓய்ந்து, அடுத்து சீனாவுக்கு உடைக்கப் போனது. விதி தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். விதியை நிறைவேற்ற ஆகும் செலவை 600 சீட்டுகளின் வருமானம் தாங்கவில்லை என்பதுதான் நடந்தது. அதையும் தாண்டி நின்ற சில கப்பல்களைக் கொரோனா முடித்துவைத்தது. மார்க்கோ போலோவை நடத்திய நிறுவனம் 2020 ஜூலையில் நொடித்தது. அக்டோபரில் கப்பல் ஏலம் போனது. 2021 ஜனவரியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் முழு வேகத்தில் ஏற்றி நிறுத்தப்பட்டது.

சில தப்பித்திருக்கின்றன. ஸ்காட்லாந்தில் 1964-ல் தீவுகளுக்குக் கார்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லக் கட்டிய கொலம்பா, 1989-ல் உருமாறி, ஹெப்ரிடியன் பிரின்சஸ் என்ற பெயரில் ஐம்பது பேரோடு அதே தீவுகளுக்கு இன்றும் போய்வருகிறது. எலிசபெத் ராணி தன் குடும்பத்தோடு விடுமுறைக்கு அதை இருமுறை அமர்த்திக்கொண்டார், 2006-ல் ஒன்று, 2010-ல் ஒன்று. கொரிந்து கால்வாயைக் கடந்த பிரீமரின் பின்கதை இன்னும் சுவையானது. 2020 மார்ச்சில் அதில் சிலருக்குக் கொரோனா கண்டு, கரீபியத் துறைகள் கதவடைத்தபோது, கியூபா மட்டும் இடம் கொடுத்து, பயணிகளை விமானத்தில் ஏற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவைத்தது. அதன்பின் சும்மா கிடந்த கப்பலை ஒரு நிறுவனம் வாங்கி, வில்லா வீ ஒடிசி என்று பெயர் மாற்றி, வீட்டை விற்றுவிட்டு உலகைச் சுற்றிக்கொண்டே வாழ விரும்புவோருக்கு அறைகளை விற்றது. சுக்கான், பல்சக்கரப் பழுதுகளால் 2024-ல் பெல்ஃபாஸ்ட் துறையில் மாதக்கணக்கில் நின்றுபோனது. செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாகச் செய்தி போட்டன. வாங்கியவர்களில் பலர் பொறுமையாகக் காத்திருந்து, இலையுதிர்காலத்தில் அதில்தான் புறப்பட்டார்கள். முப்பதாண்டு பழைய கப்பலை ஓட வைப்பதன் கடினமும், அதற்காகக் காத்திருக்க ஆட்கள் உண்டு என்பதும் ஒருங்கே தெரிந்த சம்பவம் அது.

தமிழர்களின் கப்பல் நினைவு வேறு தினுசானது. 1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்கு அருகே ஓடியது. அதில் போனவர்களில் மிகப் பலர் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அந்த நெருக்கத்தையும் வாந்தியையும் அழகு என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறை அந்தக் கப்பலைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருந்தது. இன்று விமானத்தில் போகிறவர் யாரும் ஏறிவந்த விமானத்தின் பெயரைச் சொல்வதில்லை. 2022 ஜூன் 4-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ் சொகுசுக் கப்பலும் பழைய கப்பலே. 1990-ல் பிரான்சில் கட்டியது. முதற்பெயர் நோர்டிக் எம்ப்ரஸ். இன்றைய பெருங்கப்பல்களில் ஐந்தில் ஒரு பங்குதான் அளவு. அதனால்தான் அது 2023 ஜூனில் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வரை போக முடிந்தது. ஏறியவர்களில் எத்தனை பேர் அதன் பின்தளத்தில் நின்று கடலைப் பார்த்திருப்பார்கள்? போகிறவர்கள் அரங்கத்து ஆட்டபாட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, கீழ்த்தளத்துத் திறந்த நடையில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று பார்க்கலாம். சீட்டுக்குக் கொடுத்த பணத்தில் அதற்கும் பங்குண்டு.

இன்னொன்று இந்தியாவில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும். உலகின் பயணிக் கப்பல்கள் பல வந்து முடிவது அலங் கரையில். 1960-ல் பிரெஞ்சு மக்கள் கொண்டாடிக் கடலில் இறக்கிய ஃபிரான்ஸ் என்ற மாபெரும் கப்பல் அங்கேதான் உடைக்கப்பட்டது. மாக்ஸிம் கார்க்கியும் மார்க்கோ போலோவும் அங்கேதான். அவற்றின் நாற்காலிகள், விளக்குகள், பீங்கான் தட்டுகள், சமையற்கட்டுப் பாத்திரங்கள் எல்லாம் அலங் சாலையோரக் கடைகளில் எடைக்கும் பேரத்துக்கும் விற்றுத் தீர்கின்றன. வாங்கிப் போகிறவருக்கு அது எந்தக் கப்பலின் தட்டு என்பது தெரிவதில்லை. அதே குஜராத்தில், லோத்தலில், தேசியக் கடல்சார் பாரம்பரிய வளாகம் பெரும் செலவில் எழுந்துகொண்டிருக்கிறது. நான்காயிரம் ஆண்டுக்கு முந்தைய துறைமுகத்தைக் கொண்டாடும் அந்த வளாகத்தில், அலங்கில் முடிந்த கப்பல்களுக்கு ஒரு கூடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் ஒரு மணி, ஒரு பெயர்ப்பலகை, கட்டிய துறையின் பித்தளைத் தகடு, ஓர் அறையின் கதவு. உடைக்கும் நிறுவனங்கள் கப்பலை வாங்கும்போதே இவற்றை ஒப்படைக்கும்படி விதி செய்தால் போதும். அவர்களுக்கு இதில் பெரிய நட்டம் வராது. அடுத்த கப்பல் கரையேறும் முன் இதைச் செய்ய வேண்டும்.